பொதுவில் வைத்த மதிப்பெண்: மாறிகளைப் பகிர்ந்துகொண்ட வரலாறு



சென்ற பள்ளி விடுமுறையில் என் முன்னாள் மாணவர்கள் மூவர் மடிக்கணினியோடு வீட்டிற்கு வந்தனர். இப்பொழுது இடைநிலைப்பள்ளியில் பயிலும் அவர்கள், தாங்கள் படித்த தமிழ்ப்பள்ளியின் தமிழ்மொழி விழாவுக்காகப் பைத்தான் மொழியில் ஒரு புதிர்ப்போட்டி நிரலை உருவாக்கியிருந்தனர். வேலையை மூன்றாகப் பிரித்துக்கொண்டு, ஆளுக்கொரு கோப்பாக எழுதியிருந்தனர். மதிப்பெண்ணை வைத்திருப்பது முதல் கோப்பு. கேள்வி கேட்டு விடையைச் சரிபார்ப்பது இரண்டாவது. மதிப்பெண்ணைத் திரையில் காட்டுவது மூன்றாவது. தனித்தனியே சோதித்தபோது மூன்றும் நன்றாகவே இயங்கின. ஒன்றுசேர்த்து இயக்கியபோதோ, எத்தனை விடைகள் சரியாக இருந்தாலும் திரையில் சுழியமே தோன்றியது.

விழாவுக்கு இன்னும் நான்கு நாள்களே இருந்தன. மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் அமர்ந்திருந்தனர். “என் கோப்பில் பிழையே இல்லை, ஐயா” என்று மூவருமே கூறினர். வியப்பு என்னவென்றால், மூவர் கூறியதும் உண்மையே. பிழை எந்தக் கோப்பிலும் இல்லை. கோப்புகளுக்கு இடையே இருந்தது.

அன்று அவர்களுக்கு நான் கூறிய விளக்கத்தின் பின்னால் அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட வரலாறு இருக்கிறது. ஒரு நிரலின் பல பகுதிகள் ஒரே மதிப்பை எவ்வாறு பகிர்ந்துகொள்வது என்னும் சிறிய கேள்வியின் வரலாறு அது. நிரலாக்கம் பயிலும் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோரும், அவர்களுக்கு வழிகாட்டும் ஆசிரியர்களும் இதனை அறிந்திருப்பது நலம் என்று கருதி இங்கே எழுதுகிறேன். கணினி அறிவு அதிகம் இல்லாதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். பள்ளி அலுவலகத்தை அறிந்தவர்களுக்கு இது புரியாமற்போகாது.

மாறி என்பது யாது?

மாறி என்பது ஒரு மதிப்புக்கு நாம் இடும் பெயர். “மதிப்பெண்” என்னும் பெயர் தொடக்கத்தில் 0 என்பதைக் குறிக்கும். ஒரு விடை சரியானால் 10 என்பதைக் குறிக்கும். சிறிய நிரல் முழுவதும் ஒரே கோப்பில் இருக்கும்வரை தொல்லை இல்லை. ஓராசிரியர் பள்ளியில் எல்லாக் கணக்கும் ஒருவர் மேசையிலேயே இருப்பதைப் போன்ற நிலை அது. நிரல் வளர்ந்து, மாடியூல் எனப்படும் பல தொகுதிகளாகப் பிரியும்பொழுதுதான் கேள்விகள் எழுகின்றன. எல்லாருக்கும் தேவையான ஒரு மதிப்பை எங்கே வைப்பது? அதனை யார் யார் மாற்றலாம்? ஒருவர் மாற்றியதை மற்றவர் எவ்வாறு அறிவார்?

1958: பொது அலமாரி

ஐ.பி.எம். நிறுவனத்தில் ஜான் பேக்கஸ் தலைமையிலான குழு உருவாக்கிய ஃபோர்ட்ரான் மொழி 1957ஆம் ஆண்டு ஐ.பி.எம். 704 கணினிக்காக வெளிவந்தது. அறிவியல் கணக்கீடுகளைச் சூத்திரம் போலவே எழுத உதவிய அம்மொழியின் முதற்பதிப்பில், பயனர் ஒரு நிரலைத் தனித்தனித் துணைநிரல்களாகப் பிரித்து எழுத வழியில்லை. ஒரு வரியைத் திருத்தினாலும் முழு நிரலையும் மீண்டும் இயந்திர மொழிக்கு மாற்ற வேண்டியிருந்தது. இக்குறையை நீக்குவதற்காக 1958இல் ஃபோர்ட்ரான் 2 வெளியிடப்பட்டது. துணைநிரல்களைத் தனித்தனியே எழுதி, தனித்தனியே மொழிமாற்றி, இறுதியில் இணைத்துக்கொள்ளும் வசதியை அது தந்தது.

பிரித்தாயிற்று, இனிப் பகிர்வது எப்படி? அதற்காகவே “காமன்” என்னும் கட்டளை சேர்க்கப்பட்டது. காமன் என்றால் பொது. நினைவகத்தில் ஒரு பகுதியைப் பொது இடமாக ஒதுக்கி, எல்லாத் துணைநிரல்களும் அங்கே எழுதலாம், படிக்கலாம் என்று அது அனுமதித்தது. ஐ.பி.எம். 704 கணினியின் காந்தவளைய நினைவகம் மிகுதியாகப் போனாலும் 32,768 இயந்திரச் சொற்களையே கொண்டிருந்தது. ஒரே மதிப்பைப் பல இடங்களில் படியெடுத்து வைக்க இடமேது? ஆகவே அன்றைய நிலைக்குக் காமன் அறிவான தீர்வே என்பதை நாம் மறந்துவிடலாகாது.

ஆனால் அதில் ஒரு நுட்பமான இடர் இருந்தது. காமன் பகுதியில் மதிப்புகள் பெயரால் பகிரப்படவில்லை. இருக்கும் வரிசையால் பகிரப்பட்டன. பள்ளி அலுவலகத்தில் பெயர்ச்சீட்டு ஒட்டாத அலமாரி ஒன்று இருப்பதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஓர் ஆசிரியர் முதல் தட்டில் மாணவரின் உயரக் குறிப்பையும் இரண்டாம் தட்டில் எடைக் குறிப்பையும் வைக்கிறார். மற்றோர் ஆசிரியரோ, முதல் தட்டில் எடையும் இரண்டாம் தட்டில் உயரமும் இருப்பதாக நினைத்து எடுக்கிறார். அலமாரி வாய் திறந்து எதுவும் கூறாது. 142 செண்டிமீட்டர் உயரமுள்ள பிள்ளை 142 கிலோகிராம் எடையுள்ள பிள்ளையாகிவிடும். கணினியும் எந்த எச்சரிக்கையும் தராமல் கணக்கைத் தொடரும்.

பின்னர், பொது இடத்தைப் பல பிரிவுகளாக்கி ஒவ்வொரு பிரிவுக்கும் பெயரிடும் வசதி வந்தது; 1966ஆம் ஆண்டின் ஃபோர்ட்ரான் தரநிலையிலும் அது இடம்பெற்றது. அலமாரிக்குப் பெயர் கிடைத்தது, தட்டுகளுக்குக் கிடைக்கவில்லை. பிரிவுக்குள்ளே வரிசையே ஆட்சி செய்தது.

எழுபதுகளின் கேள்வி: யாருக்கு உரிமை?

1960இல் வரையறுக்கப்பட்ட அல்கால் மொழி, ஒரு பெயர் எந்தப் பகுதிக்குள் செல்லுபடியாகும் என்னும் வரையெல்லைக் கருத்தைத் தெளிவாக வகுத்துத் தந்தது. ஒரு பகுதிக்குள் அறிவிக்கப்பட்ட பெயர் அப்பகுதிக்கு வெளியே தெரியாது. வெளியே அறிவிக்கப்பட்ட பெயரோ, உள்ளே இருக்கும் எல்லாப் பகுதிகளுக்கும் தெரியும். அவை அதனை மாற்றவும் முடியும்.

1972 டிசம்பரில் டேவிட் பார்னாஸ் என்னும் அறிஞர் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை இத்துறையின் போக்கையே மாற்றியது எனலாம். ஒரு நிரலைத் தொகுதிகளாகப் பிரிக்க எதனை அளவுகோலாகக் கொள்வது என்பதே அவர் எழுப்பிய கேள்வி. சொல்லடைவு தயாரிக்கும் ஒரு சிறு நிரலை எடுத்துக்கொண்டு, அதனை இரண்டு விதமாகப் பிரித்துக் காட்டினார். முதல் விதம், முதலில் படித்தல், அடுத்து வரிசைப்படுத்தல், பிறகு அச்சிடல் எனச் செயல்களின் வரிசைப்படி பிரிப்பது. இதில் எல்லாத் தொகுதிகளும் நினைவகத்திலுள்ள பொதுத் தரவைத் தாமே தொட்டுப் பார்க்கும். தரவைச் சேமிக்கும் முறை சிறிது மாறினாலும் எல்லாத் தொகுதிகளையும் திருத்த வேண்டிவரும். இரண்டாம் விதத்தில், பின்னாளில் மாறக்கூடிய முடிவு ஒவ்வொன்றும் ஒரு தொகுதிக்குள் மறைத்து வைக்கப்படும். மற்றத் தொகுதிகள் அத்தொகுதியிடம் கேட்டே பெறும்; உள்ளே கைவிடமாட்டா. மாற்றம் வந்தாலும் அது ஒரு தொகுதியோடு நின்றுவிடும்.

அடுத்த இரண்டு மாதங்களில், 1973 பிப்ரவரியில், வில்லியம் வுல்ஃப், மேரி ஷா ஆகிய இருவரும் பொதுமாறிகள் தீங்கானவை என்று தலைப்பிலேயே அறிவித்து ஒரு கட்டுரை எழுதினர். ஒரு மாறியை நிரலின் எப்பகுதியும் மாற்றலாம் என்றால், ஏதேனும் ஒரு வரியைப் புரிந்துகொள்ள முழு நிரலையும் படிக்க வேண்டியதாகிறது. மனித மனத்தால் அவ்வளவு பெரிய சுமையைத் தாங்க இயலாது என்பதே அவர்தம் வாதத்தின் சாரம்.

ஏறத்தாழ அதே காலத்தில் பெல் ஆய்வகத்தில் டென்னிஸ் ரிச்சி உருவாக்கிய சி மொழி, கோப்புகளுக்கிடையே மாறிகளைப் பெயராலேயே பகிர வழிசெய்தது. “எக்ஸ்டர்ன்” என்று அறிவித்தால், மாறி வேறொரு கோப்பில் உள்ளது என்று பொருள். “ஸ்டாட்டிக்” என்று அறிவித்தால், மாறி இக்கோப்பைவிட்டு வெளியே தெரியாது. வரிசைக் குழப்பம் தீர்ந்தது. ஆயினும் பகிரப்படும் பெயர்கள் யாவும் ஒரே பெரிய மண்டபத்தில் நின்றன. இருவர் தத்தம் கோப்பில் “எண்ணிக்கை” என்று பெயர் வைத்து, இருவருமே அதனை வெளியே விட்டால், இரண்டு பெயர்களும் மோதிக்கொண்டன.

ஏட்டோடு நின்றுவிடாத பாடம்

இவையெல்லாம் அறிஞர்களின் வாதங்கள். புதிர்ப்போட்டியில் சுழியம் வந்தால் யாருக்கென்ன இழப்பு என்று சிலர் எண்ணலாம். அவர்களுக்காகவே அடுத்த செய்தியை இங்குக் குறிப்பிடுகிறேன். இது பைத்தானோடு தொடர்புடையது அன்று. ஆனால், பகிரப்பட்ட மாறி என்னும் இதே சிக்கலைச் சார்ந்தது.

கனடாவில் தயாரிக்கப்பட்ட தெராக்-25 என்னும் கதிர்வீச்சுச் சிகிச்சைக் கருவி, 1985 ஜூன் முதல் 1987 ஜனவரி வரை, அமெரிக்காவிலும் கனடாவிலும் ஆறு புற்றுநோயாளிகளுக்குத் தேவையைவிடப் பன்மடங்கு கதிர்வீச்சைச் செலுத்தியது. அவர்களுள் சிலர் உயிரிழந்தனர். மற்றவர்கள் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். முந்தைய கருவிகளில் இருந்த மின்பொறியியல் பாதுகாப்புப் பூட்டுகள் பல இக்கருவியில் நீக்கப்பட்டு, அப்பொறுப்பு மென்பொருளிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. நான்சி லெவிசன், கிளார்க் டர்னர் ஆகியோர் 1993இல் வெளியிட்ட விரிவான ஆய்வு, நடந்தவற்றை விளக்குகிறது. அம்மென்பொருளில் பல பணிகள் ஒரே நேரத்தில் இயங்கின. அவை பொதுமாறிகள் வழியாகவே ஒன்றோடொன்று செய்தி பரிமாறிக்கொண்டன. ஒரு பணி எழுதிக்கொண்டிருக்கும்போது மற்றொரு பணி படிப்பதைத் தடுக்க முறையான ஏற்பாடு இல்லை.

வாஷிங்டன் மாநிலத்தின் யாக்கிமா நகரில் 1987 ஜனவரியில் நேர்ந்த விபத்தின் காரணம் நெஞ்சை உலுக்கும். கருவி சரியான நிலையில் இருக்கிறதா என்று சோதிக்க வேண்டுமா, வேண்டாமா என்பதை ஒரு மாறி குறித்தது. அதன் மதிப்பு சுழியம் அல்லாதிருந்தால் சோதிக்க வேண்டும். சுழியமானால் சோதனை தேவையில்லை. ஆயத்த நிலையில் திரும்பத் திரும்ப இயங்கிய ஒரு பகுதி, அம்மாறிக்கு நிலையான ஒரு மதிப்பைத் தராமல், ஒவ்வொரு முறையும் ஒன்றைக் கூட்டியது. மாறியின் அளவோ ஒரு பைட்டு. அது 255 வரையே எண்ணும். அடுத்த முறை சுழியத்திற்குத் திரும்பிவிடும். ஆக, ஒவ்வொரு 256ஆம் முறையும் ஒரு கணம், சோதனை தேவையில்லை என்று அம்மாறி பொய்ச்சாட்சி கூறியது. மருத்துவப் பணியாளர் அதே கணத்தில் பொத்தானை அழுத்தியபோது, கருவி சோதனையின்றிக் கதிர்வீச்சைச் செலுத்திவிட்டது.

ஒரு மாறியை யார் மாற்றுகிறார், எப்பொழுது மாற்றுகிறார், யார் அதை நம்பியிருக்கிறார் என்னும் மூன்று கேள்விகளும் வெறும் ஏட்டுக் கேள்விகள் அல்ல என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டா.

ஆம்ஸ்டர்டாமில் பிறந்த மொழி

இப்பொழுது பைத்தானுக்கு வருவோம். நெதர்லாந்தின் ஆம்ஸ்டர்டாமில் உள்ள சி.டபிள்யு.ஐ. என்னும் தேசிய கணித, கணினியியல் ஆய்வு நிலையத்தில், நிரலாக்கத்தைத் தொழிலாகக் கொள்ளாதவர்களும் எளிதில் கற்கத்தக்க ஏ.பி.சி. என்னும் மொழி உருவாக்கப்பட்டது. அதனை நிறைவேற்றிய குழுவில் கீடோ வான் ராசம் என்பவரும் இருந்தார். ஏ.பி.சி. மொழியில் கோப்புகள் என்பதே இல்லை. பொதுமாறிகள், கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வந்தாலும் அப்படியே நிலைத்திருக்கும். ஒரு செயற்கூறு அப்பொதுமாறியைத் தொட வேண்டுமானால், “ஷேர்” என்னும் கட்டளையின் மூலம் அதன் பெயரை முதலிலேயே கூறிவிட வேண்டும். பகிர்வதாக இருந்தால் வெளிப்படையாகச் சொல்லிவிட்டுப் பகிர் என்னும் ஒழுங்கு அதில் இருந்தது.

1989 டிசம்பரில், கிறிஸ்துமஸ் விடுமுறைக் காலத்தில், வான் ராசம் பைத்தானை எழுதத் தொடங்கினார். 1991 பிப்ரவரியில் அதன் 0.9.0 பதிப்பு இணையத்தில் வெளியிடப்பட்டது. அம்முதற்பதிப்பிலேயே தொகுதிகள் இருந்தன. ஏ.பி.சி. மொழியோடு மாடுலா-3 மொழியின் தாக்கமும் பைத்தானில் உண்டு. நிக்லவுஸ் விர்த் என்பவரின் மாடுலா-2 மொழியின் வழியில் வந்த மாடுலா-3, தொகுதியையே அடிப்படை அலகாகக் கொண்டது.

பைத்தானில் ஒவ்வொரு கோப்பும் ஒரு தொகுதி. ஒவ்வொரு தொகுதிக்கும் தனக்கென ஒரு பெயரேடு உண்டு. இதனைப் பெயர்வெளி என்பர். “குளோபல்” என்னும் சொல் பைத்தானிலும் இருக்கிறது. ஆனால் பெயருக்கேற்ப அது உலகம் முழுவதற்கும் உரியதன்று. அதன் எல்லை, அந்தக் கோப்பின் சுவரோடு முடிந்துவிடுகிறது. நிரல் முழுமைக்கும் பொதுவான மாறி என ஒன்றை அறிவிக்கப் பைத்தானில் கட்டளையே இல்லை. ஃபோர்ட்ரானின் அலமாரியும் இல்லை. சி மொழியின் ஒற்றை மண்டபமும் இல்லை. ஒவ்வொரு வகுப்பறைக்கும் தனித்தனிப் பதிவேடுதான். டிம் பீட்டர்ஸ் என்பவர் 1999இல் பைத்தானின் கொள்கைகளைச் சிறு சிறு வரிகளாகத் தொகுத்தபோது, இறுதி வரியைப் பெயர்வெளிகளைப் பாராட்டுவதற்கே ஒதுக்கினார்.

அப்படியானால் பகிர்வது எப்படி? பைத்தானின் அதிகாரபூர்வக் கேள்வி பதில் பக்கத்தில் இக்கேள்விக்கு எளிய விடை தரப்பட்டுள்ளது. பகிர வேண்டியவற்றுக்கென ஒரு தனித் தொகுதியை உருவாக்குங்கள்; தேவைப்படும் தொகுதிகள் யாவும் அதனை இறக்குமதி செய்யட்டும் என்பதே அவ்விடை. ஒரு தொகுதி எத்தனை இடங்களில் இறக்குமதி செய்யப்பட்டாலும், முதல்முறை மட்டுமே அது இயக்கப்படும். அதன்பின் கேட்பவர்கள் அனைவருக்கும் அதே ஒரு தொகுதியே கிடைக்கும். ஆகவே ஒருவர் அதிலுள்ள மதிப்பை மாற்றினால், மற்ற அனைவரும் புதிய மதிப்பையே காண்பர்.

பதிவேடும் குறிப்பேடும்

மாணவர் மூவரும் இதைத்தான் செய்திருந்தனர். ஆனால் ஒரு சொல் வேறுபட்டிருந்தது. அவர்கள் ஆங்கில எழுத்துகளில் எழுதியிருந்ததை இங்கே தமிழ்ப் பெயர்களில் தருகிறேன். (2008 டிசம்பரில் வெளிவந்த பைத்தான் 3.0 முதல், மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் சூட்டலாம் என்பது நம்மவருள் பலர் அறியாத செய்தி. கட்டளைச் சொற்கள் மட்டும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.) “பொது” என்னும் கோப்பில் “மதிப்பெண் = 0” என்று இருந்தது. மற்ற இரண்டு கோப்புகளின் தலைப்பிலும் இவ்வாறு எழுதியிருந்தனர்:

ஃப்ரம் பொது இம்போர்ட் மதிப்பெண்

பொது என்னும் தொகுதியிலிருந்து மதிப்பெண்ணைக் கொண்டு வா என்பது இதன் பொருள். படிப்பதற்கு அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் இக்கட்டளை செய்வது என்ன?

பள்ளி அலுவலகத்தில் மாணவர் எண்ணிக்கைப் பதிவேடு ஒன்று உள்ளது. அதில் 212 என்று எழுதியிருக்கிறது. ஓர் ஆசிரியர் அதைப் பார்த்துத் தம் குறிப்பேட்டில் 212 என எழுதிக்கொள்கிறார். மற்றோர் ஆசிரியரும் அவ்வாறே செய்கிறார். மறுநாள் புதிய மாணவர் ஒருவர் சேர்கிறார். முதலாம் ஆசிரியர் தம் குறிப்பேட்டில் 212ஐ அடித்துவிட்டு 213 என்று எழுதுகிறார். அலுவலகப் பதிவேடு மாறவில்லை. இரண்டாம் ஆசிரியரின் குறிப்பேடும் மாறவில்லை. யாரும் பொய் சொல்லவில்லை. ஆனால் மூன்று இடங்களிலும் உள்ள எண்கள் ஒன்றாக இல்லை.

இக்கட்டளை செய்வதும் இதுவே. பொதுத் தொகுதியில் அந்தக் கணத்தில் “மதிப்பெண்” எதனைக் குறிக்கிறதோ, அதனைக் குறிக்கும் புதிய பெயர் ஒன்றை நம் கோப்பின் பெயரேட்டில் அது எழுதிக்கொள்கிறது. அதன்பின் கேள்விக் கோப்பு 10ஐக் கூட்டியபோது, மாறியது அக்கோப்பின் சொந்தப் பெயர் மட்டுமே. திரைக் கோப்பு தன் பெயரையே பார்த்துக்கொண்டிருந்தது. அதில் என்றென்றும் சுழியம்.

தீர்வு மிக எளியது. கோப்பின் தலைப்பில் இவ்வாறு எழுத வேண்டும்:

இம்போர்ட் பொது

பின்னர், தேவைப்படும் இடங்களில் எல்லாம் உரியவரின் பெயரையும் சேர்த்தே அழைக்க வேண்டும்:

பொது.மதிப்பெண் = பொது.மதிப்பெண் + 10

இப்பொழுது யாரும் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வதில்லை. ஒவ்வொரு முறையும் அலுவலகத்திற்கே சென்று, அங்குள்ள பதிவேட்டையே பார்க்கிறார்கள், அதிலேயே எழுதுகிறார்கள். நடுவே நிற்கும் அந்தச் சிறு புள்ளி, “இது யாருடையது?” என்னும் கேள்விக்கு விடை கூறிக்கொண்டே இருக்கிறது.

இங்கே ஒரு நுட்பத்தையும் ஆசிரியர்கள் மனத்திற்கொள்ள வேண்டும். எண்ணுக்குப் பதிலாக ஒரு பட்டியலைப் பகிர்ந்திருந்தால், முதல் முறையிலேயே நிரல் சரியாக இயங்கியிருக்கக்கூடும். பட்டியலில் ஒரு பெயரைச் சேர்ப்பது, பட்டியலையே மாற்றுகிறது. அதைச் சுட்டும் எல்லாப் பெயர்களுக்கும் மாற்றம் தெரியும். புதிய பட்டியலை அப்பெயருக்குச் சூட்டினாலோ, பழைய தொல்லை திரும்பிவிடும். ஒரு நாள் சரியாக இயங்கியது மறுநாள் இயங்கவில்லை என்று மாணவர் குழம்புவதற்கு இதுவே பெரும்பாலும் காரணம்.

மற்றொரு பொறியும் உண்டு. நாம் நேரடியாக இயக்கும் முதன்மைக் கோப்பை, வேறொரு கோப்பு இறக்குமதி செய்தால், பைத்தான் அதனை வேறொரு பெயரில் மீண்டும் ஒருமுறை இயக்கும். ஒரே கோப்பு இரண்டு தொகுதிகளாகிவிடும், மாறிகளும் இரட்டையாகிவிடும். பகிர வேண்டியவற்றை முதன்மைக் கோப்பில் வைக்காமல் தனிக்கோப்பில் வைக்கச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடியாத வரலாறு

தனித்தொகுதி முறை எல்லாச் சிக்கலையும் தீர்த்துவிட்டதா எனில், இல்லை. 2008இல் வெளிவந்த பைத்தான் 2.6, பல செயல்முறைகளை ஒரே நேரத்தில் இயக்கும் வசதியைத் தன் நூலகத்தில் சேர்த்துக்கொண்டது. ஆனால் ஒவ்வொரு செயல்முறைக்கும் நினைவகம் தனி. பொதுத் தொகுதியும் ஆளுக்கொன்றாகிவிடும். அவற்றிடையே செய்தி பரிமாற வரிசை, குழாய் முதலிய வேறு வழிகளையே நாட வேண்டும்.

ஒரே செயல்முறைக்குள் பல இழைகள் இயங்கும்போதோ, ஒருவர் படித்து எழுதுவதற்குள் மற்றவர் எழுதிவிடும் அபாயம் உண்டு. ஒரு நேரத்தில் ஓர் இழை மட்டுமே பைத்தான் கட்டளைகளை இயக்க முடியும் என்னும் உட்பூட்டு ஒன்று நெடுங்காலமாக இருந்துவந்தது. 2024 அக்டோபரில் வெளியான பைத்தான் 3.13, அப்பூட்டு இல்லாத ஒரு வடிவத்தைச் சோதனை முயற்சியாகத் தந்தது. வேகம் கூடும்; அதனோடு பொறுப்பும் கூடும். பகிரப்பட்ட மதிப்பைக் காக்க நிரலாளரே பூட்டுப் போட வேண்டும் என்னும் தேவை முன்னிலும் மிகுந்துள்ளது. தெராக்-25 கற்பித்த பாடத்தை இன்றைய மாணவர்களுக்கும் நாம் கற்பித்தாக வேண்டியிருப்பது இதனால்தான்.

மேலும், பைத்தான் எந்தக் கதவையும் இறுகப் பூட்டுவதில்லை. ஒரு பெயரின் தொடக்கத்தில் அடிக்கோடு இட்டால், “இது உள்வீட்டுப் பொருள், தொடாதீர்” என்று பொருள். ஆயினும், தொட விரும்புவோரை மொழி தடுக்காது. பார்னாஸ் வலியுறுத்திய மறைப்பை, பைத்தான் பெரும்பாலும் நிரலாளரின் நல்லொழுக்கத்திடமே விட்டுவிட்டது. ஆகவேதான் பைத்தானைக் கற்பிக்கும்பொழுது கட்டளைகளை மட்டும் கற்பித்தால் போதாது. பழக்கத்தையும் கற்பிக்க வேண்டும். பகிர்வது குறைவாக இருக்கட்டும். பகிர்வதை ஒரே இடத்தில் வைக்கட்டும். பலரும் படிக்கலாம், மாற்றும் உரிமை ஒருவரிடம் மட்டுமே இருக்கட்டும்.

அன்று மாலை என் வீட்டு மேசையில் இரண்டு கோப்புகளைத் திருத்தினோம். கேள்விக் கோப்பை எழுதிய மாணவி, “ஐயா, மதிப்பெண்ணைக் கூட்டும் வேலையையும் பொதுக் கோப்பிலேயே ஒரு செயற்கூறாக எழுதிவிட்டால், நாங்கள் யாருமே நேராகத் தொட வேண்டியதில்லையே?” என்று கேட்டாள். 1972இல் பார்னாஸ் வந்தடைந்த இடத்திற்கு அவள் தன் வழியிலேயே வந்து சேர்ந்துவிட்டாள். நான் எதுவும் கூறாமல் மடிக்கணினியை அவள் பக்கம் நகர்த்தினேன்.

விழா நாளன்று முதல் விடை சரியானதும் திரையில் 10 என்று தோன்றியது. மண்டபத்தில் இருந்தவர்கள் அதனைப் பெரிதாகக் கவனித்திருக்க மாட்டார்கள். பின்வரிசையில் நின்ற மூவர் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டனர்.

உங்கள் பிள்ளை, “என் பகுதி சரியாகத்தான் இருக்கிறது, ஆனால் சேர்த்தால் இயங்கவில்லை” என்று கூறினால், யார் தவறு என்று கேட்காதீர்கள். “நீங்கள் எதைப் பகிர்ந்துகொள்கிறீர்கள்? அது யாரிடம் இருக்கிறது?” என்று கேட்டுப் பாருங்கள். பாதி விடை அங்கேயே கிடைத்துவிடும்.